ஏழு அட்டைகள், ஒரே நோயாளி: ஒரு தோட்டப் பட்டணத்துப் பக்கவாத நிகழ்வு ஆய்வு

பக்கவாதம் மூளையில் வெளிப்படுகிறது. அதன் வேர் இதயத்திலும் கழுத்து ரத்தநாளத்திலும் சிறுநீரகத்திலும் சர்க்கரையிலும் கிடக்கிறது. இதை ஒவ்வொரு மருத்துவரும் ஒப்புக்கொள்வார். ஆனால் நோயாளியின் கையில் இருக்கும் மருத்துவமனைத் தேதி அட்டைகள் வேறு கதை சொல்கின்றன. நரம்பியலுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். பெருநகர மருத்துவமனையில் இந்தத் துறைகள் ஒரே கட்டடத்தில் இருப்பதால் பிரிவின் சேதம் கொஞ்சம் மறைந்துபோகும். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பட்டணத்தில், மாநில மருத்துவமனை 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில், அது மறைவதில்லை.

கீழே வருவது ஒரே ஒருவரின் கோப்பு அன்று. மலேசியத் தோட்டப் பட்டணங்களில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரு நோயாளியில் சேர்த்து எழுதிய கற்பித்தல் நிகழ்வு. மருந்தளவுகளும் நேர வரம்புகளும் நடைமுறையில் உள்ளவையே.

நோயாளி

57 வயது ஆண், செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளர். எடை 68 கிலோ. 11 ஆண்டுகளாக இனிப்பு நீர் (நீரிழிவு), 8 ஆண்டுகளாக ரத்த அழுத்தம். பட்டணத்துச் சுகாதார கிளினிக்கில் ரத்த அழுத்தத்துக்குப் பெர்ரிண்டோபிரில் 4 மி.கி., அம்லோடிபின் 10 மி.கி., சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைடு, கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி. கொடுத்து வந்தார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் கடைசி எச்.பி.ஏ.1சி 9.1 விழுக்காடு, சிறுநீரகம் மந்தமானால் ஏறும் கிரியேட்டினின் 142 மைக்ரோமோல், சிறுநீரில் புரதம் உண்டு.

பக்கவாதத்துக்கு ஏழு வாரம் முன்பு, ஆள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து பேனா நழுவியது. பத்து நிமிடம் வார்த்தை வரவில்லை. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. ஒரு தனியார் கிளினிக்கில் "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி வைட்டமின் பி ஊசி போட்டு, ஆஸ்பிரின் 100 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள்.

அது நரம்புத் தளர்ச்சி இல்லை. தற்காலிகப் பக்கவாதம். தானாகச் சரியானதாலேயே ஆபத்து தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில், அடுத்து வரும் பெரிய பக்கவாதத்துக்கு அதிக வாய்ப்புள்ள நேரம் முதல் இரண்டு நாள்தான். 2007இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளிவந்த எக்ஸ்பிரஸ் ஆய்வில், இப்படிப்பட்டவர்களை அன்றன்றே பரிசோதித்து மருந்து தொடங்கியபோது, மூன்று மாதத்துக்குள் மீண்டும் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. அதற்குப் புதிய மருந்து ஒன்றும் தேவைப்படவில்லை. இருக்கும் மருந்துகளை உடனே, சேர்த்துக் கொடுத்தார்கள்.

இன்னொரு தடயமும் தவறிப்போனது. சுகாதார கிளினிக்கின் தானியங்கி ரத்த அழுத்தக் கருவி, இரண்டு வருகைகளில், திரையின் ஓரத்தில் ஒழுங்கற்ற துடிப்புக்கான இதயக் குறியைக் காட்டியது. அட்டையில் 152/88 என்று எழுதினார்கள். குறியை எழுத அட்டையில் கட்டமே இல்லை.

அன்றைய காலை

6:00 மணிக்குப் பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், சாதாரணமாக இருந்தார். 6:50க்கு, பழக்குலைகளைச் சேர்த்து வைக்கும் குலை மேடை அருகே சாய்ந்து கிடந்தார். வலது கையும் காலும் தூக்க முடியவில்லை, முகம் கோணியிருந்தது, பேச்சு இல்லை. லயத்து வீட்டுக்குத் தூக்கிவந்து, களைப்பு என்று நினைத்து இனிப்புத் தேநீர் புகட்டினார்கள். கைத்தொலைபேசியில் பரவும் செய்தியை நம்பி ஒருவர் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தார். 45 நிமிடம் இதில் போனது.

பெரிய ரத்தநாளம் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் இறக்கின்றன. விரலில் குத்துவது அடைப்பை நீக்காது. தேநீர் அதைவிட மோசம். விழுங்கும் தசை செயலிழந்தவருக்கு அது நேரே நுரையீரலுக்குள் இறங்கும்.

7:35க்கு வந்த தோட்ட டிரெசர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) செய்த நான்கு காரியங்கள் இந்த நிகழ்வின் முதல் பாதியைக் காப்பாற்றின. விரலில் சர்க்கரை பார்த்தார்: 9.8 மிமோல். சர்க்கரை தாழ்ந்தாலும் இதே போல ஒரு பக்கம் விழும் என்பதால் இது எப்போதும் முதல் வேலை. ரத்த அழுத்தம் 190/105 இருந்தும் நாக்கின் அடியில் நிஃபெடிபின் வைக்கவில்லை. அழுத்தம் திடீரெனச் சரிந்தால், அடைப்பைச் சுற்றி ஊசலாடிக்கொண்டிருக்கும் மூளைப்பகுதிக்குக் கிடைக்கும் கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும். வாய்வழி எதுவும் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்தினார். நான்காவது, மனைவியிடம் கேட்ட கேள்வி:

"கடைசியா எப்ப நல்லாப் பேசினாரு அக்கா? விழுந்த நேரம் வேணாம், நல்லா இருந்த நேரம் சொல்லுங்க."

"பெரட்டுக்குப் போறப்ப நல்லாத்தான் போனாரு ஐயா. அதுக்கப்புறம் லோரிக்காரருக்கு ஏதோ வாய்ஸ் அனுப்பினாராம்."

அந்தக் குரல்பதிவை வாங்கிக் கேட்டார்கள். நேரம் 6:42. "மூணாம் நம்பர் பிளாக்குக்கு முதல்ல போப்பா" என்று தெளிவான பேச்சு. கடைசியாக நலமாக இருந்த நேரம் 6:00 என்று எழுதியிருந்தால், உறைகட்டியைக் கரைக்கும் மருந்துக்கான நான்கரை மணி நேர வரம்பு 10:30க்கு முடிந்திருக்கும். 6:42 என்றதால் 11:12 வரை நீண்டது. தோட்டத்தில் இப்போது ஏறக்குறைய எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறது. அழைப்புப் பதிவு, குரல்பதிவு, முள்வாயிலின் கண்காணிப்புக் கேமரா எல்லாமே மருத்துவச் சான்றுகள்தாம்.

8:05க்கு மாவட்ட மருத்துவமனை. அங்கே சிடி ஸ்கேன் கிடையாது. அத்தகைய இடத்தில் முக்கியமான அளவு, வந்த நேரத்துக்கும் மேல்மருத்துவமனைக்குப் புறப்பட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளி. இங்கே அது 40 நிமிடம். மருத்துவ அதிகாரி ஊசிக்குழாய் போடுகிறபோதே மாநில மருத்துவமனையை அழைத்துவிட்டார். ரத்தப் பரிசோதனை முடிவுக்காகவோ எக்ஸ்ரேக்காகவோ ஆம்புலன்ஸை நிறுத்தி வைக்கவில்லை.

9:50க்கு மாநில மருத்துவமனை, 10:08க்கு சிடி. ரத்தக்கசிவு இல்லை. பக்கவாதத் தீவிர மதிப்பெண் 13. ரத்த அழுத்தம் 198/112. கரைப்பு மருந்துக்கு முன் 185/110க்குக் கீழே வர வேண்டும் என்பதால் லபெட்டலால் 10 மி.கி. நரம்பூசியாகக் கொடுத்தார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆகாது என்பதால் அதைக் கேட்டுக்கொண்ட பிறகே. பத்து நிமிடத்தில் 176/98. 10:34க்குக் கரைப்பு மருந்தான ஆல்டிபிளேஸ்: கிலோவுக்கு 0.9 மி.கி. கணக்கில் 61.2 மி.கி.; அதில் பத்தில் ஒரு பங்கு, 6.1 மி.கி., ஒரு நிமிடத்தில், மீதி 55.1 மி.கி. ஒரு மணி நேரத்தில். எடையைக் கண்ணால் மதிப்பிட்டுப் போடுவது இங்கே நடக்கும் பழக்கமான தவறு. படுக்கையோடு எடை பார்க்கும் கருவி இருந்தால் அதைத் தேடிப்பிடிக்க ஆகும் இரண்டு நிமிடம் வீணில்லை.

ரத்தநாளப் படத்தில் இடப்பக்க நடுமூளைத் தமனியின் கிளை ஒன்று அடைபட்டிருந்தது. குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் மையத்தோடு பேசினார்கள். கிளை சிறியது, கையும் அசையத் தொடங்கியிருந்தது, அதனால் அனுப்பவில்லை. 24 மணி நேரத்தில் மதிப்பெண் 7க்கு இறங்கியது. திரும்ப எடுத்த சிடியில் இறந்த பகுதிக்குள் புள்ளிபுள்ளியாகச் சிறு ரத்தக்கசிவு தெரிந்தது.

விழுங்கும் சோதனையில் தோற்றதால் மூக்குக்குழாய் வழியாக உணவு. இரண்டாம் நாள் வலது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா. தேநீர்தான் காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் தோட்டத்து மக்களிடம் சொல்ல வேண்டிய ஒரே வரி எது என்றால், அவசர எண் 999ஐ அழைத்த பிறகு வாயில் தண்ணீர்கூட விடாதீர்கள் என்பதுதான்.

ஒருவருக்குள் மூன்று நோய்

வந்தவுடன் எடுத்த ஈசிஜி சாதாரணமாக இருந்தது. ஈசிஜி பார்ப்பது பத்து வினாடி மட்டுமே. இரண்டாம் இரவு மானிட்டரில் 40 நிமிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதய மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு, ஓடியது. இதய ஸ்கேனான எக்கோவில் இடது மேலறை பெருத்திருந்தது. இவை ஒரு பக்கம். கழுத்தின் இடப்பக்கக் கரோடிட் தமனியில் 40 விழுக்காடு கொழுப்புப் படிவு. 50க்குக் கீழே என்பதால் அறுவை தேவையில்லை, மருந்து போதும். மூன்றாவதாக, அதே சிடியில் ஆழ்பகுதியில் இரண்டு பழைய சிறு துளைகள். இவை எப்போது வந்தன என்று நோயாளிக்கே தெரியாது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் நுண்ணிய நாளங்களைக் கெடுத்ததன் அடையாளம். கண்ணின் விழித்திரையிலும் சிறுநீர்ப் புரதத்திலும் தெரிந்த அதே கேடு.

ஆக இதயம், பெருநாளம், நுண்நாளம் மூன்றும் ஒருவரிடமே. எது காரணம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்ற இரண்டையும் விட்டுவிடுவது பெரும் பிழை. இந்தப் பிழை அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் இதயத்துக்கான முடிவு ஒரு துறையிலும் கழுத்துக்கானது இன்னொன்றிலும் எடுக்கப்படுகிறது. நுண்நாளங்களுக்கு என்று எந்தத் துறையும் இல்லை. ஆண்டுகள் கழித்து அவை மறதியாகவும் நடைத் தடுமாற்றமாகவும் வெளிவரும்போது வயதாகிவிட்டது என்று எழுதிவிடுவார்கள்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. இவருக்கு ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, இனிப்பு நீருக்கு ஒன்று என்று, பேனா நழுவுவதற்கு முன்பே, பக்கவாத ஆபத்தைக் கணிக்கும் அளவுகோலில் இரண்டு மதிப்பெண் இருந்தது. ஆணுக்கு அந்த இரண்டே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் தொடங்கப் போதுமானது. ஆஸ்பிரின் இந்த இடத்தை நிரப்பாது. 2011இல் வந்த அவெரோஸ் ஆய்வில் ஆஸ்பிரினோடு ஒப்பிட, உறைவுத் தடுப்பு மருந்தான அபிக்சபான் பக்கவாதத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது. பெரிய ரத்தக்கசிவு குறிப்பிடும்படி கூடவில்லை.

சிறு கசிவு இருந்ததால் ஆறாம் நாள் மறுபடி சிடி எடுத்துப் பார்த்து அபிக்சபான் 5 மி.கி. இருவேளை தொடங்கினார்கள். இங்கே அளவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 80 வயதும் அதற்கு மேலும், 60 கிலோவும் அதற்குக் கீழும், கிரியேட்டினின் 133ம் அதற்கு மேலும் என்ற மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5 மி.கி.க்குக் குறைக்க வேண்டும். இவருக்குக் கிரியேட்டினின் ஒன்றுதான் பொருந்துகிறது. முழு அளவே சரி.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெர்ரிண்டோபிரில் 8 மி.கி. ஆனது, சிம்வாஸ்டாட்டினுக்குப் பதில் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. கையில் ஏழு அட்டைகள்: நரம்பியல், இதயம், சிறுநீரகம், கண், பிசியோ, பேச்சுப் பயிற்சி, பட்டணத்துச் சுகாதார கிளினிக். ஏழும் வெவ்வேறு நாள்.

தோளிலிருந்து குடல்வரை

அவசர சிகிச்சை நன்றாகவே நடந்தது. சேதம் அதற்குப் பிறகு வந்தது. இந்த நிகழ்வில் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

மூன்றாம் வாரம் வலது தோளில் வலி. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பியதுதான் காரணம். தசை தளர்ந்திருக்கும்போது தோள்மூட்டைத் தாங்குவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை; இழுத்தால் எலும்பு கிண்ணத்திலிருந்து கீழே இறங்கிவிடும். கட்டிலிலிருந்து எழுப்பும் முறையை வீட்டாருக்கு யாரும் செய்து காட்டவில்லை. முதல் பிசியோ தேதி ஐந்தாம் வாரத்தில் இருந்தது.

வலிக்கு ஒரு தனியார் கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் 50 மி.கி. மூன்று வேளை. அபிக்சபான் சாப்பிடுவதாக அவரால் சொல்ல முடியவில்லை, பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. கூடப்போன மகனுக்கு மாத்திரையின் பெயர் தெரியாது.

டைக்ளோஃபெனாக் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். ஐந்தாம் வாரம் சுகாதார கிளினிக்கில் 158/92. பக்கவாதம் வந்தவருக்கு இது கூடாது என்று, சரியான அக்கறையோடுதான், ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர்மாத்திரையைச் சேர்த்தார்கள். பெர்ரிண்டோபிரில், நீர்மாத்திரை, வலிமாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தின் அழுத்தம் எல்லாப் பக்கமும் தாழ்ந்துபோகும். அதோடு, பழைய பதிவில் இருந்த ஆஸ்பிரினும் நின்றபாடில்லை. மாதாமாதம் அச்சாகி வந்துகொண்டே இருந்தது.

ஆறாம் வாரம் ஒரு மாலை வலது பக்கம் மறுபடி தளர்ந்தது. இரண்டாவது பக்கவாதம் என்று வீடே கலங்கியது. சர்க்கரை 3.1 மிமோல். கூழாக்கிய உணவில் சாப்பாடு பாதியாகக் குறைந்திருந்தது, சிறுநீரகமும் மந்தமாகியிருந்தது, கிளிக்லசைடு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

ஏழாம் வாரம் சிறுநீரகக் கிளினிக்கில் கிரியேட்டினின் 188. இனிப்பு நீரால் சிறுநீரகம் கெடுகிறது என்று எழுதி, பாதுகாப்புக்காக அபிக்சபானை 2.5 மி.கி.க்குக் குறைத்தார்கள். தோள் வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. சிறுநீரகக் கிளினிக்கில் அது கேட்கும் கேள்வியே இல்லை. எட்டாம் வாரம் தார் போன்ற கறுப்பு மலம். ஹீமோகுளோபின் 13.1இலிருந்து 9.4, பொட்டாசியம் 5.7. உட்காண்கருவியில் இரைப்பைப் புண்.

ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எதையும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. வலிக்கு வலிமாத்திரை, அழுத்தத்துக்கு நீர்மாத்திரை, கிரியேட்டினினுக்கு அளவுக் குறைப்பு. ஏழு பேரும் தங்கள் பங்கைச் செய்தார்கள். முழு ஆளையும் ஒருமுறை பார்க்க ஒருவருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை. ஒருங்கிணைந்த அணுகுமுறை என்று மாநாடுகளில் பேசப்படுவதன் உள்ளடக்கம் இவ்வளவுதான், ஆனால் இதைச் செய்யாமல் உயிர் போகிறது.

ஒரே தாள்

மருந்தாளுநர் முதலில் செய்தது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் கொண்டுவரச் சொன்னதுதான். பட்டியலைக் கொண்டுவரச் சொன்னால் எழுதப்பட்டவை மட்டுமே வரும். பை வந்தால் ஆஸ்பிரினும் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்து வரும். மேசையில் கொட்டியபோது வெவ்வேறு இடங்களில் கொடுத்த அம்லோடிபின் இரண்டு நிறத்தில் இருந்தது. இரண்டையும் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், நீர்மாத்திரை மூன்றும் நின்றன. புண்ணுக்கு அமிலத்தடுப்பு மருந்து. ஹெலிக்கோபாக்டர் கிருமிக்குச் சோதனையும் சிகிச்சையும். கசிவு நின்று ஒரு வாரத்துக்குப் பின் அபிக்சபான், 5 மி.கி. முழு அளவில். தோளுக்குப் பாராசிட்டமால் 1 கிராம் மூன்று வேளை, உட்காரும்போது முழங்கைக்குக் கீழே தலையணை, எழுப்பும்போது இடுப்புப் பட்டை. கையைத் தொடக் கூடாது. கிளிக்லசைடுக்குப் பதிலாக எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி., அதுவும் கிரியேட்டினின் இறங்கி, ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு. காய்ச்சல், வாந்தி, உண்ண முடியாத நாட்களில் அதை நிறுத்த வேண்டும் என்பதை மனைவிக்கு வாய்விட்டுச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

பிறகு ஒரு ஏ4 தாள். பட்டணத்துச் சுகாதார கிளினிக்கின் குடும்பநல மருத்துவரே அதன் பொறுப்பாளர். மேலே இலக்குகள்: ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழ், கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 1.8க்குக் கீழ், எச்.பி.ஏ.1சி 7 அளவில், சர்க்கரை தாழக் கூடாது. நடுவில் மருந்துகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எதற்காக, யார் மாற்றலாம் என்ற குறிப்பு. அபிக்சபான் வரிக்கு எதிரே "அளவை மாற்றுமுன் அழைக்கவும்" என்றும் தொலைபேசி எண்ணும். அடியில் தடித்த எழுத்தில் தமிழிலும் மலாயிலும்: "இவர் ரத்தம் உறையாத மருந்தில் இருக்கிறார். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் கொடுக்காதீர்கள்." மகன் அதைப் படம் எடுத்துத் தொலைபேசியின் முகப்பில் வைத்துக்கொண்டான். எந்தத் தனியார் கிளினிக்குக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுவது என்று ஏற்பாடு.

ஏழு தேதிகள் மூன்றாகக் குறைந்தன. மாநில மருத்துவமனைக்கு ஒரே நாளில் நரம்பியல், இதயம், சிறுநீரகம். முந்தைய வாரமே பட்டணத்தில் ரத்தம் எடுத்து முடிவைக் கையோடு கொண்டுபோவது. சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 ரிங்கிட்தான், ஆனால் 70 கிலோமீட்டருக்கு வாடகைக்காரும், கூடப்போகும் மகனுக்கு ஒரு நாள் கூலி இழப்பும் சேரும்போது, தவறவிடப்படும் முதல் தேதி பிசியோவாகத்தான் இருக்கும். ஆகவே பிசியோவை மாவட்ட மருத்துவமனைக்கு மாற்றினார்கள். பெர்ரிண்டோபிரிலைக் கூட்டினாலும் மறுபடி தொடங்கினாலும் இரண்டு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்ப்பது கிளினிக் தாதியின் வேலை.

மனச்சோர்வைக் கேட்காமல் விட்டுவிடுவதும் சகஜம். பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வரும். பேச்சிழந்தவரிடம் கேட்பதே கடினம். இவர் சாப்பிட மறுத்ததைப் பிடிவாதம் என்று வீட்டார் எண்ணியிருந்தார்கள். செர்ட்ராலின் தொடங்கினார்கள். அதுவும் அபிக்சபானோடு சேர்ந்தால் ரத்தக்கசிவைச் சற்றே கூட்டும் என்பதால் அமிலத்தடுப்பு மருந்து தொடர்ந்தது.

வேலையைப் பற்றிப் பேசாமல் மருத்துவம் முடிவதில்லை. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் போகும் என்ற பயம் ரத்த அழுத்தத்தைவிட அவரை அதிகம் அலைக்கழித்தது. மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் இயலாமைத் திட்டத்துக்கு 60 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சந்தா நிபந்தனையும் உண்டு. மருத்துவச் சமூகநல அதிகாரியும் தோட்டத்து எழுத்தரான கிராணியும் ஒரே நாளில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்கள். மறுவாழ்வுக்கு மலாக்காவில் உள்ள பெர்கேசோ மையம், 1996இல் தொடங்கிய நாசாம் என்ற மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கம் போன்ற வழிகள் இருக்கின்றன. தோட்டத்துக்கு அந்தச் செய்தி வந்துசேர்வதுதான் அரிது.

ஆறாம் மாத நிலை: கைத்தடியோடு நடக்கிறார், சொந்தமாக உண்கிறார், சிறு வாக்கியங்கள் பேசுகிறார். ரத்த அழுத்தம் 128/76, எச்.பி.ஏ.1சி 7.3, எல்.டி.எல். 1.7, கிரியேட்டினின் 149, ஹீமோகுளோபின் 12.8.

சுகாதார கிளினிக்கில் ரத்த அழுத்த அட்டையில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது: துடிப்பு ஒழுங்கா, இல்லையா. கருவியில் குறி தெரிந்தால் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். கை அசைந்தாலும் இடையிடையே வரும் கூடுதல் துடிப்பாலும் குறி வரலாம் என்பதால் குறியை மட்டும் நம்புவதில்லை. விரலுக்கும் ஒழுங்கற்றுத் தெரிந்தால் அன்றே ஈசிஜி. ஈசிஜி சாதாரணமாக இருந்து, முன்பு எப்போதாவது கை மரத்தோ பேச்சுத் தடுமாறியோ இருந்திருந்தால், 24 மணி நேர ஹோல்டருக்கு, அதாவது தொடர் ஈசிஜி பதிவுக்கு, அனுப்ப வேண்டும்.

இன்னும் தீராதவை இரண்டு. அபிக்சபான் எல்லாச் சிறு கிளினிக்குகளிலும் இருப்பில் இருப்பதில்லை. ஒரு நாள் விட்டாலே பாதுகாப்பு போய்விடும் மருந்து அது. அதனால் கையிருப்பு பத்து நாளுக்குக் கீழே இறங்கும்போதே அடுத்த பொட்டலத்துக்கு அழைக்கும்படி தாளில் தேதி எழுதப்பட்டிருக்கிறது. மற்றொன்று நினைவாற்றல். பேச்சுக் குறை இருக்கும்வரை வழக்கமான கேள்விச் சோதனை பொய்யான முடிவையே தரும். படங்களை வைத்துச் செய்யும் சோதனை ஒன்பதாம் மாதத்துக்குக் குறிக்கப்பட்டுள்ளது. அன்றே ரத்த அழுத்தம் உட்கார்ந்தும் நின்றும் இருமுறை பார்க்கப்படும்.